மிச்சம் இருக்கும் ஆயிலை எதில் ஊற்றுவது?

"டிராக்டருக்கு வாங்கின இன்ஜின் ஆயில் வாளியில பாதி மிச்சம் கெடக்கு. காருக்கு ஊத்தலாமா?"

டெல்டா பக்கம் எந்த மெக்கானிக் பட்டறை வாசலில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. இருபது லிட்டர் வாளியாக வாங்கினால் லிட்டருக்குக் கொஞ்சம் விலை குறையும். மூன்று சிலிண்டர் டிராக்டரின் இன்ஜினுக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் போனால், மீதி மாட்டுக்கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். அதே வாசலில் மகன் வாங்கிய பழைய கார் ஒன்று, பைக் ஒன்று, மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் ஒன்று நிற்கும். எல்லாவற்றுக்கும் ஆயில் வேண்டும். கையில் ஆயில் இருக்கிறது. பிறகென்ன யோசனை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மன்னார்குடி பக்கத்து விவசாயி ஒருவரும் அப்படித்தான் நினைத்தார். மூன்று ஏக்கர் சொந்த நிலம். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய டிராக்டர். சொந்த உழவு போக, ஊரில் வாடகைக்கும் ஓட்டுவார். குறுவை அறுவடைக்கு முன்னால் இன்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றினார். பில்டரும் புதிது. அப்போது பின்பக்கக் கம்பியை உருவிப் பார்த்தபோது, கியர் பெட்டியில் ஆயில் அளவு குறைந்திருந்தது. கடைக்குப் போக மனசில்லை. இன்ஜினுக்கு வாங்கியதில் மிச்சமிருந்ததை ஊற்றினார். போதவில்லை. எப்போதோ வாங்கி வைத்திருந்த கியர் ஆயில் 90-ஐயும் அதோடு சேர்த்தார். அளவு சரியாகிவிட்டது. வண்டியும் ஓடியது.

இரண்டு வாரம் போனதும் பிரேக் மிதித்தால் 'கிரீச்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. சேற்றுழவு ஓட்டிய வண்டிதானே, மண் புகுந்திருக்கும் என்று விட்டுவிட்டார். பிறகு ஒரு நாள் டிரெய்லரில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு நேரடி கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது, வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. சுத்தமாக விட்டுவிடவும் இல்லை. பிடிப்பதும் நழுவுவதுமாக, பாரம் பின்னாலிருந்து தள்ளத் தள்ள வண்டி இறங்கியது. மூட்டைகளின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். (பாரத்தின் மேல் ஆள் ஏற்றக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏற்றாத டிரெய்லரைப் பார்ப்பதுதான் அபூர்வம்.) டிரெய்லரின் ஒரு சக்கரம் கரை மண்ணில் புதைந்து வண்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. நாலு மூட்டை தண்ணீரில் விழுந்ததோடு போயிற்று.

பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது என்று சொல்லித்தான் பட்டறைக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் அடியில் இருக்கும் நட்டைக் கழற்றி, வந்த ஆயிலை ஒரு தட்டில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, கடைசியா இதுல என்ன ஆயில் ஊத்துனீங்க?"

"நல்ல கம்பெனி ஆயில்தான் தம்பி. இன்ஜினுக்கு வாங்குனது மிச்சம் இருந்துச்சு. கொஞ்சம் தொண்ணூறு நம்பரும் ஊத்துனேன். ஏன், ஆயில் ஆயில்தானே?"

"நெல்லுல கோரைக்கு அடிக்கிற மருந்து மிச்சமிருக்குன்னு உளுந்துல அடிப்பீங்களாண்ணே?"

அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. டெல்டாவில் நெல் தரிசு உளுந்து போடுகிற யாருக்கும், 2,4-டி களைக்கொல்லி உளுந்தில் பட்டால் என்ன ஆகும் என்பது தெரியும்.

டிராக்டரில் இப்படி நடப்பதற்குக் காரணம், அதன் வயிற்றுக்குள் இருக்கும் அமைப்பு. இன்று ஓடும் பல டிராக்டர்களில் கியர் பெட்டி, ஏர் தூக்கும் ஹைட்ராலிக், பின் அச்சு, பிரேக் எல்லாம் ஒரே ஆயிலில் மூழ்கியிருக்கின்றன. கொள்ளளவு மாடலைப் பொறுத்து முப்பது, நாற்பது லிட்டர், சிலவற்றில் அதற்கும் மேல். அந்த ஒரே ஆயில் நாலு வேலை செய்தாக வேண்டும். பற்சக்கரத்தைத் தேயாமல் காக்க வேண்டும், பம்புக்கு அழுத்தம் கொடுக்க வேண்டும், சூட்டைக் கடத்த வேண்டும். நாலாவதாக, பிரேக் தட்டுகள் ஒன்றையொன்று அழுத்தும்போது வழுக்காமல் பிடிக்கவும் விட வேண்டும். வழவழப்பாக்குவதுதான் ஆயிலின் தொழில். அதனிடமே பிடிப்பையும் கேட்கிறோம். இதற்கென்று தயாரித்த ஆயில் வாளியில் 'யு.டி.டி.ஓ.' என்றோ 'டிரான்ஸ்மிஷன் ஹைட்ராலிக், வெட் பிரேக்' என்றோ போட்டிருக்கும். இன்ஜின் ஆயிலுக்கும் கியர் ஆயில் 90-க்கும் அவரவர் வேலை நன்றாகத் தெரியும். இந்தப் பிரேக் வேலை அவற்றுக்குப் பழக்கமில்லை. தட்டுகளின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி மினுமினுப்பாகி, முதலில் சத்தம் வரும், பிறகு பிடிப்பு போகும்.

இதைப் படித்துவிட்டு, எல்லா டிராக்டருக்கும் வெட் பிரேக் ஆயில்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பழைய மாடல்கள் பலவற்றில் பிரேக் தனியாக, ஆயில் படாமல் இருக்கும். அவற்றின் கியர் பெட்டிக்குக் கையேட்டிலேயே 90 என்று எழுதியிருக்கலாம். பக்கத்து வயல்காரர் ஊற்றுகிறார் என்பது காரணமாகாது. வண்டியோடு வந்த புத்தகம் தொலைந்திருந்தால், கம்பெனி டீலரிடம் மாடல் பெயரையும் வருஷத்தையும் சொல்லிக் கேட்டு, கிடைத்த பதிலை டூல் பெட்டியின் மூடியில் பெயின்டால் எழுதி வைத்துவிடலாம்.

மன்னார்குடிக்காரருக்குப் பழைய ஆயில் முழுவதையும் வடித்து, பில்டரைக் கழற்றி மாற்றி, பிரேக் தட்டுகளையும் மாற்ற வேண்டியிருந்தது. சம்பா நடவுக்கு ஊரே அவசரப்பட்டுக்கொண்டிருந்த வாரத்தில் வண்டி பட்டறையில் நின்றது. மிச்சப்படுத்த நினைத்தது நாலைந்து லிட்டர் ஆயிலின் விலை.

இனி காருக்கு வரலாம். வாளியிலோ கேனிலோ இரண்டு இடத்தைப் பார்த்தால் போதும். சான்று விதை மூட்டையில் நீல அட்டை, ஆதார விதையில் வெள்ளை அட்டை என்று பார்த்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு, பூச்சிமருந்து டப்பாவில் முக்கோணத்தின் நிறத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை.

ஒன்று, 15டபிள்யூ-40, 5டபிள்யூ-30 என்று இருக்கும் எண். இது ஆயிலின் கெட்டித்தன்மை. அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கம் 1911-இல் தொடங்கிவைத்த வகைப்பாடு. அதனால்தான் எண்ணுக்கு முன்னால் எஸ்.ஏ.இ. என்று இருக்கிறது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய சுலபம். பின்னால் இருக்கும் எண், 100 டிகிரி சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது.

நம் ஊரில் ஏது குளிர் என்று தோன்றும். ஆனால் குளிர்ந்த இன்ஜின் என்றால் பனி விழும் ஊரில் நிற்கும் இன்ஜின் மட்டும் இல்லை. ராத்திரி முழுக்க நின்ற கார், காலை ஆறு மணிக்கு 25 டிகிரியில் இருக்கிறது. ஓடி முடித்த ஆயிலோ 100 டிகிரியைத் தொடும். அடுப்பில் இருக்கும் வெல்லப்பாகையும், இறக்கி ஆறவைத்த பாகையும் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். காலையில் சாவியைத் திருப்பிய முதல் சில நொடிகளில் ஆயில் மேலே ஏறி எல்லா இடத்துக்கும் போய்ச் சேர வேண்டும். இன்ஜின் தேய்மானத்தில் பெரிய பங்கு இந்த நேரத்தில்தான் நடக்கிறது.

இங்கேதான் "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்ற பேச்சு கெடுதல் செய்கிறது. கத்திரி வெயிலில் வெளியே 42 டிகிரி அடித்தாலும், இன்ஜினுக்குள் இருக்கும் சூட்டை ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும்தான் கட்டுப்படுத்துகின்றன. வெயிலைப் பார்த்து ஆயில் மாற்ற வேண்டியதில்லை. பழைய பெட்ரோல் கார்களின் கையேட்டில் 20டபிள்யூ-40 என்று இருந்தது. அந்த இன்ஜின்களில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். இப்போது வரும் சின்னப் பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 கேட்கிறார்கள். இடைவெளி மிகக் குறைவு; சிலவற்றில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவதும் ஆயில் அழுத்தம்தான். அதில் 20டபிள்யூ-50 ஊற்றினால் இன்ஜின் உடனே செத்துவிடாது. மைலேஜ் குறையும், காலையில் தட்டும் சத்தம் கூடுதல் நேரம் கேட்கும், சூட்டைக் கடத்துவது மந்தமாகும். இன்ஜின் சாகவில்லை என்பதாலேயே இந்தத் தப்பு வருஷக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கிறது.

இதில் ஒரு விலக்கு சொல்ல வேண்டும். ரிங் தேய்ந்து, நீலப் புகை விட்டு, மாதம் அரை லிட்டர் ஆயில் குடிக்கிற கிழட்டு வண்டிக்குக் கொஞ்சம் கெட்டி ஆயில் ஊற்றினால் குடிப்பது குறையும். இன்ஜினைப் பிரிக்கப் பணம் சேரும் வரை ஓட்ட அது உதவும். அவ்வளவுதான், அது வைத்தியம் இல்லை. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது, இதே தந்திரத்தை விற்கிறவரும் செய்திருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஆயில் கம்பியை உருவிப் பார்ப்பது நல்லது.

கேனில் பார்க்க வேண்டிய இரண்டாவது இடம், ஏ.பி.ஐ. என்று போட்டு அதன் பக்கத்தில் வரும் எழுத்துகள். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜின், சி என்று தொடங்கினால் டீசல் இன்ஜின். எஸ்.எல்., எஸ்.எம்., எஸ்.என்., எஸ்.பி. என்று போகப் போகப் புதியது. பழையதைக் கேட்கும் பெட்ரோல் காருக்குப் புதியதை ஊற்றலாம். புதியதைக் கேட்கும் காருக்குப் பழையது ஆகாது. டீசலில் சி.எப்.-4, சி.ஐ.-4, சி.கே.-4 என்று வரிசை.

வாளியில் மிச்சமிருப்பது காருக்கு ஆகுமா என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. டிராக்டருக்கு வாங்கிய 15டபிள்யூ-40 வாளியில் சிலவற்றில் சி.ஐ.-4 பக்கத்திலேயே எஸ்.எல். என்றும் அச்சடித்திருப்பார்கள். காரின் கையேடு 15டபிள்யூ-40-ஐ அனுமதித்து, எஸ்.எல். போதும் என்றும் சொன்னால், தாராளமாக ஊற்றலாம். பழைய பெட்ரோல் வேன், பழைய ஜீப் போன்றவற்றில் பல நேரம் இது பொருந்தும். இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும் வேண்டாம். சின்னக் காருக்குத் தேவையே சுமார் மூன்று லிட்டர்தான். அதற்காக வாளியைக் காலி செய்யும் ஆசையை அடக்கிக்கொள்ளலாம். மூடி இறுக்கமாக இருந்தால் மிச்ச ஆயில் அடுத்த தடவை டிராக்டருக்கே ஆகும்.

2020 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் கார், சரக்கு வேன் வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இவற்றில் பலவற்றின் புகைக் குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. இன்ஜினில் எரியும் ஆயில் விடுகிற சாம்பல் அதில்தான் போய் அடையும். கரியை வண்டி தானாகவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். சாம்பலை எரிக்க முடியாது. அதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவான ஆயில் கேட்கிறார்கள். வாளி ஆயில் பேச்சே இங்கே கூடாது. அந்த வடிகட்டியை மாற்ற ஆகும் செலவுக்குப் பல வருஷம் சரியான ஆயிலே வாங்கிவிடலாம்.

பைக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கியர் பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே இருக்கின்றன. கேனில் 'ஜாசோ எம்.ஏ.' என்று இருக்க வேண்டும். காரில் மிஞ்சிய 5டபிள்யூ-30 ஆயிலை பைக்கில் ஊற்றினால், திருகத் திருக இன்ஜின் கத்தும், வண்டி நகராது. டிராக்டர் பிரேக்குக்கு நடந்த அதே கதைதான். பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் மெஷின் ஆகியவற்றில் டூ-ஸ்ட்ரோக் வகைக்கு 2டி ஆயிலைத்தான் பெட்ரோலில் கலக்க வேண்டும். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. கண் அளவு வேண்டாம்; மருந்துக்கு வைத்திருக்கும் அளவுக் குவளையில் அளக்கவும் வேண்டாம், அதற்கென்று ஒன்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

எப்போது மாற்றுவது என்பதில் நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். டீசல் இன்ஜினில் புதிய ஆயில் ஊற்றிச் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். கரித்துகளை அடியில் படியவிடாமல் தன்னோடு தூக்கிச் சுமக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். விரலில் தேய்த்து, "கொழகொழப்பு இன்னும் இருக்கு" என்று சொல்வதும் கணக்காகாது. டிராக்டருக்கு மணி மீட்டர்தான் கணக்கு. 250 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கையேட்டில் இருந்தால், நாளுக்கு 8 மணி நேரம் ஓடும் வாடகை வண்டிக்கு அது 31 நாள். ஒரு சம்பா பட்டத்தின் உழவுக்குள்ளேயே வந்துவிடும்.

காரில் கதை தலைகீழ். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது என்று பல கையேடுகளில் இருக்கும். கிராமத்துக் கார் வாரத்துக்கு இரண்டு நாள் கடைத்தெருவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வர 12 கிலோமீட்டர் ஓடினால், வருஷத்துக்கு 1,250 கிலோமீட்டர் தேறாது. கிலோமீட்டர் கணக்குப்படி எட்டு வருஷம் ஆயில் மாற்ற வேண்டாம்! ஆனால் இப்படிக் கொஞ்ச தூரம் ஓடி நிற்கும் காருக்குத்தான் ஆயில் சீக்கிரம் கெடும். இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுவதால், எரிந்த பெட்ரோலில் உண்டாகும் நீராவி வெளியே போகாமல் உள்ளேயே தண்ணீராகிறது. எரியாத பெட்ரோலும் கொஞ்சம் ஆயிலில் இறங்குகிறது. வருஷம் ஒன்றானதும் மீட்டரைப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும், கூடவே பில்டரையும். அடைத்துப்போன பில்டர் ஆயிலைத் தடுக்காது, வடிகட்டாமல் அப்படியே உள்ளே விட்டுவிடும்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால், அது பெரும்பாலும் இந்த ஈரம்தான். ஒரு நாள் நெடுந்தூரம் ஓட்டினால் போய்விடும். அளவுக் கம்பியிலேயே ஆயில் டீ நிறத்தில் வந்தால் விஷயம் வேறு. ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலக்கிறது. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். டிராக்டரின் கியர் பெட்டியில் இதே நிறம் தெரிந்தால், கேஜ் வீல் போட்டு அச்சு முங்க உழுதபோது ஆயில் சீல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் புகுந்திருக்கிறது.

அளவு பார்க்கும்போது வண்டி சமதரையில் நிற்க வேண்டும், இன்ஜினை நிறுத்திச் சில நிமிஷம் ஆகியிருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். ஓடும்போது சிவப்பாக ஆயில் விளக்கு எரிந்தால், அது அளவு குறைந்ததைச் சொல்லும் விளக்கு அல்ல. அழுத்தமே போய்விட்டது என்பது. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல வீடு" என்று ஓட்டி முடித்த பல இன்ஜின்களைப் பட்டறைகளில் பார்க்கலாம். தப்பான ஆயில் ஊற்றிக் கெட்டவற்றைவிட, ஆயில் குறைந்தது தெரியாமல் கெட்டவைதான் அங்கே அதிகம் கிடக்கும்.

வாங்கும் இடத்தில், பீப்பாயிலிருந்து அளந்து கொடுக்கும் லூஸ் ஆயில் எந்த விலையில் கிடைத்தாலும் வேண்டாம். சீல், பேட்ச் எண், தயாரித்த தேதி பார்த்து, பில்லோடு வாங்க வேண்டும். புதிய காருக்கு வாரண்டி கேட்கும் நாளில் அந்த பில் பேசும். காலி கேனை அப்படியே பழைய சாமான்காரரிடம் போடாமல், ஆணியால் நாலு ஓட்டை போட்டுக் கொடுத்தால், அதே கேனில் வடிகட்டிய பழைய ஆயில் நிரம்பித் திரும்பக் கடைக்கு வருவது குறையும்.

வடித்த பழைய ஆயிலைக் கரையான் வராதென்று தென்னை அடியில் ஊற்றுவதும், மாட்டுப் புண்ணில் தடவுவதும் இன்னும் நடக்கிறது. நெல்லில் கூண்டுப்புழுவுக்கு, தேங்கிய தண்ணீரில் மண்ணெண்ணெய் விட்டுக் கயிறு இழுக்கச் சொல்வார்கள் அல்லவா. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று இந்தக் கறுப்பு ஆயிலை விட்டவர்களும் உண்டு. அதில் இன்ஜின் தேய்ந்த உலோகத் துகளும், எரிந்த கரியின் நஞ்சும் இருக்கின்றன. மண்ணிலிருந்து அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. சட்டப்படியும் அது அபாயகரக் கழிவு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, மொத்தமாகச் சேகரித்துக் கொடுக்கும் பட்டறையில் சேர்த்துவிடலாம். அந்தக் கேனின் மேல் 'பழைய ஆயில்' என்று பெரிய எழுத்தில் எழுதி வைப்பது முக்கியம். இல்லாவிட்டால் வீட்டில் வேறு யாராவது அதையும் மிச்ச ஆயில் என்று எடுத்து எதிலாவது ஊற்றிவிடுவார்கள்.